பத்து மில்லிகிராமை விரட்டுவது எப்படி?

வீட்டுக் கூடத்தில் பவளத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கான வழிகாட்டி இது. 200 லிட்டர் உப்புத் தண்ணீர், கீழே சம்ப் எனும் துணைத் தொட்டி ஒன்று, ஓரத்தில் நுரை கக்கும் ஸ்கிம்மர், இரண்டு கோமாளி மீன், ஒரு கோபி, பாறை மேல் நாலைந்து நிறத்தில் சோவா எனும் மென்பவளம், தண்ணீரோட்டத்தில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு லெதர் கோரல் என்று உங்கள் தொட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மீன்கள் சாப்பிடுகின்றன. சோவா காலையில் விரிந்து இரவில் மூடுகிறது. கண்ணாடியில் படியும் பச்சையை வாரம் ஒரு முறை காந்தத் துடைப்பானால் இழுத்துவிட்டால் போதும். இப்படியே விட்டால் இந்தத் தொட்டி பல வருடம் ஓடிவிடும்.

அது நடக்கக் கூடாது. ஆகவே முதல் வேலையாகப் பாஸ்பேட் அளக்கும் கருவி ஒன்று வாங்குங்கள்.

உள்ளங்கையில் அடங்கும், ஒரே பொத்தான் உள்ள கருவி. சிறு கண்ணாடிக் குப்பியில் 10 மில்லி தொட்டித் தண்ணீர் எடுத்து உள்ளே வைத்துப் பொத்தானை அமுக்கினால் பூஜ்யம் காட்டும். ஆயுளில் உங்களை மகிழ்விக்கும் கடைசிப் பூஜ்யம் அதுதான். பிறகு குப்பியை வெளியே எடுத்து, ஒரு பாக்கெட் பொடியைக் கொட்டி, இரண்டு நிமிடம் மெதுவாகக் குலுக்க வேண்டும். பொடி பாக்கெட்டின் மூலையில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும்; சுண்டினால் பாதி குப்பியிலும் பாதி லுங்கியிலும் விழும். தண்ணீரில் இருக்கும் பாஸ்பேட் பொடியிலுள்ள மாலிப்டினத்தோடு சேர்ந்து மெல்லிய நீலமாகும். எவ்வளவு நீலமோ அவ்வளவு பாஸ்பேட். மூன்று நிமிடம் கருவி தானாக எண்ணிக்கொண்டிருக்கும். அந்த மூன்று நிமிடத்தில் வீட்டில் யாரும் உங்களிடம் எதுவும் கேட்கக் கூடாது. குப்பியின் வெளிப்பக்கம் விரல் ரேகை படிந்திருந்தால் கருவி அதையும் பாஸ்பேட் கணக்கிலேயே சேர்த்துவிடும் என்பதால் துணியால் துடைத்துவிட்டு வையுங்கள். பனியன் துணி வேண்டாம், நூல் ஒட்டும்.

கருவி 0.08 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 0.08 மில்லிகிராம், என்று காட்டுகிறது. பெட்டியோடு வந்த தாளில் பிழை அளவு ±0.04 என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அதாவது உண்மை 0.04 ஆகவும் இருக்கலாம், 0.12 ஆகவும் இருக்கலாம். இந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்தால் நிம்மதி வந்துவிடும் அபாயம் உண்டு, கிழித்துப் போட்டுவிடுங்கள். மறுபடி அளந்தால் 0.05 வரும், இன்னொரு முறை அளந்தால் 0.09 வரும். மூன்றில் எது அதிகமோ அதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இன்னும் நுணுக்கமாக அளக்க விரும்புகிறவர்களுக்கு வேறொரு கருவி உண்டு. அது பாஸ்பேட்டைச் சொல்லாமல் பாஸ்பரஸை, அதுவும் பி.பி.பி.யில் சொல்லும், 3.066 ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும். 26 என்று வந்தால் 0.08 என்று பொருள். பெருக்க மறந்து 0.026 என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கும் தொட்டிக்காரர்கள் ஊருக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவர்களைத் திருத்தாதீர்கள், தொட்டி நன்றாக இருக்கும்.

உங்கள் இலக்கு 0.03. ஏன் 0.03 என்று கேட்கக் கூடாது. எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். 0.08லிருந்து 0.03க்கு இறங்க 200 லிட்டரிலிருந்து வெளியேற வேண்டிய பாஸ்பேட்டின் மொத்த எடை பத்து மில்லிகிராம். நகைக்கடைத் தராசில் வைத்தால் கடைசி இலக்கம் ஒன்று நகரும். இந்தப் பத்து மில்லிகிராமுக்காக நீங்கள் செலவழிக்கப் போகும் பணத்தில் அதே தராசில் வேறு எதையாவது நிறுத்து வாங்கியிருக்கலாம் என்று வீட்டில் ஒருவர் சொல்வார். காதில் வாங்க வேண்டாம்.

காரணம் கேட்கிறவர்களிடம் கடலைக் காட்டுங்கள். பவளத்திட்டுகளைச் சுற்றியுள்ள தெளிந்த கடல்நீரில் பாஸ்பேட் பெரும்பாலும் 0.02க்கும் கீழேதான். சத்தே இல்லாத தண்ணீரில் இவ்வளவு உயிர்கள் எப்படிக் கொழிக்கின்றன என்ற புதிரை இன்றும் டார்வின் பெயரில்தான் சொல்கிறார்கள். பவளத்தீவுகள் பற்றிய அவர் புத்தகம் வந்தது 1842இல். புதிருக்கு விடை கொஞ்சம் சங்கடமானது. கடலில் சத்து தண்ணீரில் கரைந்து கிடப்பதில்லை; வந்த வேகத்தில் யாராவது ஒருவர் வாயில் போய்விடுகிறது. ஓயாத நீரோட்டம் மிதவையுயிர்களை இரவு பகலாகக் கொண்டுவந்து பவளத்தின் வாயில் கொட்டுகிறது, மீன்கள் தலைக்கு மேலே நின்று கழிந்துகொண்டே இருக்கின்றன. கரைந்த பாஸ்பேட் குறைவு, சாப்பாடு ஏராளம். உங்கள் தொட்டியில் கடலின் எண் மட்டும் வேண்டும், கடலின் சாப்பாடு வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். நல்லது, மேலே போவோம்.

பாஸ்பேட் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது அடுத்த கட்டம். முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். சென்னையில் இருந்தால் சந்தேகப்பட வகைக்குப் பஞ்சமில்லை: மெட்ரோ வாட்டர், போர் தண்ணீர், லாரி தண்ணீர், கேன் தண்ணீர். சமையலறை ஆர்.ஓ. இயந்திரம் வடிகட்டி முடித்த பிறகு ருசிக்காகக் கொஞ்சம் தாதுவைத் திரும்பச் சேர்க்கும் என்பதால் அது குடிக்க நல்லது, தொட்டிக்கு ஆகாது. டி.ஐ. பிசின் சேர்த்த தனி இயந்திரம் வைத்து, டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் வரும் வரை காத்திருக்க வேண்டும். (இது கிண்டலில்லை. இதை மட்டும் அப்படியே செய்யுங்கள்.) கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, பெசன்ட் நகர் போய் இரண்டு கேன் மொண்டு வந்தால் என்ன என்று உங்கள் மைத்துனர் யோசனை சொல்வார். அடையாறு கடலில் கலக்கும் இடம் அதற்கு வடக்கே நடந்து போகிற தூரம்தான். 2019 ஆகஸ்ட்டில் அந்தக் கரையிலும் திருவான்மியூரிலும் அலைகள் இரவில் நீலமாக ஒளிர்ந்ததைப் பார்க்க ஊரே திரண்டது. ஒளிர்ந்தவை நாக்டிலூக்கா எனும் ஒற்றைச்செல் உயிர்கள். சத்து மிகுந்த தண்ணீரில் அவை கூட்டம் கூட்டமாகப் பெருகும். பார்க்க அழகு. கேனில் பிடிக்க வேண்டாம்.

தண்ணீர் நிரபராதி என்று தெரிந்ததும் உப்பைச் சந்தேகப்படுங்கள், பிறகு வடிகட்டும் கரியை, பிறகு விளக்கை. மீன் உணவை மட்டும் சந்தேகப்பட்டுவிடாதீர்கள். ஏனென்றால் கணக்கு அதோடு முடிந்துபோகும். உலர் உணவில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு பாஸ்பரஸ். ஒரு கிராம் உணவில் பத்து மில்லிகிராம் பாஸ்பரஸ், அதைப் பாஸ்பேட்டாகக் கணக்கிட்டால் முப்பது மில்லிகிராம். 200 லிட்டரில் அது 0.15 பி.பி.எம். நீங்கள் விரட்டத் துடிக்கும் பத்து மில்லிகிராமைப் போல் மூன்று மடங்கை ஒரு கிராம் உணவு ஒரே நாளில் உள்ளே கொண்டுவந்து விடுகிறது. இதில் மீனின் உடம்பில் நிற்பது கொஞ்சம். மிச்சம் கழிவாகத் தொட்டியில்தான்.

சரி, ஒரு நாளைக்கு யார் எவ்வளவு போடுகிறார்கள்? நீங்கள் காலையில் ஒரு சிட்டிகை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையன் ஒரு சிட்டிகை. அவன் சிட்டிகைக்கு ஐந்து விரலும் உண்டு. சாயங்காலம் விளக்கு வைத்த கையோடு பாட்டி.

"ஏன் பாட்டி, மத்தியானமே போட்டாச்சே?"

"அது கண்ணாடியில வந்து வாயைத் தொறந்து தொறந்து கேக்குதுப்பா. பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியுமா? பாவம் இல்லையா?"

மீன் வாயைத் திறந்து மூடுவது மூச்சு விடுவதற்கு. வயிறு நிறைந்திருந்தாலும் அது அப்படித்தான் செய்யும், இரவு முழுக்கச் செய்யும். பாட்டியிடம் இதைச் சொல்லலாம். சொல்லிப் பாருங்கள்.

வீட்டில் பேசித் தீர்க்க முடியாததைக் கடையில் காசு கொடுத்துத் தீர்ப்பதுதான் இந்தக் கலையின் அடிப்படை. கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் கடல் தொட்டிப் பொருள் விற்கும் ஒரு தம்பி உங்களுக்கென்று காத்திருப்பான். அவனிடம் 0.08 என்று சொன்னவுடன், "அய்யய்யோ சார்" என்பான். அந்த அய்யய்யோவிலிருந்து பில் ஆரம்பமாகிறது.

முதலில் அவன் சொல்வது தண்ணீர் மாற்றுதல். பத்து சதவீதம் தண்ணீரை மாற்றினால் பாஸ்பேட் பத்து சதவீதம்தான் குறையும்: 0.08 போய் 0.072. உங்கள் கருவி அந்த வித்தியாசத்தைப் பார்க்கவே பார்க்காது. முதுகு பார்க்கும்.

அடுத்தது ஜி.எஃப்.ஓ. என்று செல்லமாக அழைக்கப்படும் இரும்பு ஆக்சைடுக் குருணை. சுருக்கமாகச் சொன்னால் துரு. ஜன்னல் கம்பியில் இலவசமாகக் கிடைப்பதைக் கழுவிச் சலித்து டப்பாவில் அடைத்திருக்கிறார்கள். ஆனால் வேலை செய்யும், அதில் சந்தேகமில்லை. பாஸ்பேட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். ரியாக்டர் என்ற குழாயில் போட்டு மெதுவாகத் தண்ணீர் ஓட விட வேண்டும். முதலில் நன்றாக அலச வேண்டும். அலசாமல் போட்டால் தொட்டி முழுக்க அரைமணி நேரம் செம்மண் கலங்கல். டப்பாவில் எவ்வளவு போடச் சொல்லியிருக்கிறதோ அதில் பாதியிலிருந்து தொடங்குவது விவரம் தெரிந்தவர்கள் வழக்கம். நீங்கள் அவசரத்தில் இருப்பதால் இரண்டு மடங்கு போடுவீர்கள். மறுநாள் காலை 0.02. பவளங்கள் சுருங்கியிருக்கும், லெதர் கோரல் தலையைத் தொங்கப் போட்டிருக்கும். எண் அழகாக இருப்பதால் அதைக் கவனிக்க மாட்டீர்கள்.

நான்கு நாள் கழித்து மறுபடி 0.07. யாரும் கூடுதலாக உணவு போடவில்லை என்று பாட்டி உட்பட அனைவரும் சத்தியம் செய்வார்கள். உண்மைதான், இந்த முறை குற்றவாளி பாறை. தொட்டியில் அடுக்கியிருக்கும் கல் கால்சியம் கார்பனேட். தண்ணீரில் பாஸ்பேட் கூடினால் அதைத் தன் மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். தண்ணீரில் குறைந்தால் பிடித்ததைத் திரும்ப விடும். இத்தனை மாதம் வந்ததையெல்லாம் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டு, சொத்துப் பிரிக்கிற நாளில் கணக்கு நோட்டோடு வந்து உட்காரும் பெரியப்பாதான் அந்தப் பாறை. தண்ணீரில் தெரியும் பத்து மில்லிகிராம் வெறும் மேல்பூச்சு. பாறையில் இருப்பு அதைப் போல் பல மடங்கு. அதனால்தான் ஒரே நாளில் இறக்கிய எண் ஒரே வாரத்தில் ஏறிவிடுகிறது, அதனால்தான் தம்பியின் கடை நன்றாக நடக்கிறது.

இனி வோட்கா. சிரிக்க வேண்டாம், உலகம் முழுக்கப் பவளத் தொட்டிக்காரர்கள் செய்வதுதான். சாராயத்தில் இருக்கும் கார்பனைத் தின்று பாக்டீரியா பெருகும். பெருகும்போது தண்ணீரிலுள்ள நைட்ரேட்டையும் கொஞ்சம் பாஸ்பேட்டையும் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். பாக்டீரியாவை ஸ்கிம்மர் நுரையோடு வெளியேற்றும். நாற்பது சதவீத வோட்காவில் 200 லிட்டருக்குத் தொடக்க அளவு நாளைக்கு 0.2 மில்லி. ஊசி போடும் சிரிஞ்சில் இரண்டு கோடு. இதற்காக டாஸ்மாக் வரிசையில் நின்று ஒரு குவார்ட்டர் வாங்கி வருகிறீர்கள். 180 மில்லி. தொடக்க அளவிலேயே போனால் அந்தக் குவார்ட்டர் தொள்ளாயிரம் நாளைக்கு வரும். புட்டி இவ்வளவு வேகமாக ஏன் குறைகிறது என்று வீட்டில் கேட்டால் மீனைக் காட்டலாம்; ஆனால் தொள்ளாயிரத்தை 0.2 ஆல் பெருக்கத் தெரிந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்தப் பதில் செல்லாது. மானம் முக்கியம் என்பவர்களுக்கு மளிகைக் கடை வெள்ளை வினிகர் இருக்கிறது. அதே கார்பன் கிடைக்க ஏறத்தாழ எட்டு மடங்கு ஊற்ற வேண்டும், அவ்வளவுதான்.

இதில் ஒரு சிக்கலை யாரும் சொல்ல மாட்டார்கள். கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களின் உடம்பில் பதினாறு நைட்ரஜன் அணுவுக்கு ஒரு பாஸ்பரஸ் அணு என்ற கணக்கு இருக்கிறது என்று ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு எழுதினார். நம் பாக்டீரியாவும் ஏறக்குறைய அந்தக் குடும்பம்தான்; நைட்ரேட்டை அள்ளி அள்ளித் தின்னும், பாஸ்பேட்டைத் தொட்டுக்கொள்ள மட்டும் எடுக்கும். வோட்காவை ஏற்றிக்கொண்டே போனால் நைட்ரேட் காலியாகும், பாஸ்பேட் உட்கார்ந்திருக்கும். அளவு மிஞ்சினால் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கும், பாக்டீரியா பிராணவாயுவை இழுத்துவிடும். அன்று பார்த்து மின்சாரம் போனால், ஸ்கிம்மரும் அலை எழுப்பும் வேவ்மேக்கரும் நின்றால், விடிவதற்குள் மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் தவிக்கும். பாட்டி சொல்வது அன்றைக்கு மட்டும் சரி; அவை உண்மையிலேயே கேட்கும்.

லந்தானம் குளோரைடு என்று ஒன்று இருக்கிறது. நீச்சல் குளத்துக்காரர்கள் பாசிக்கு ஊற்றுவது. பாஸ்பேட்டோடு சேர்ந்து வெண்தூளாகப் படியும், அந்தத் தூளை நுண்வலைப் பையில் பிடித்துவிட வேண்டும். பிடிக்காவிட்டால் மீனின் செவுளுக்குப் போகும். இதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன், எழுதினால் யாராவது செய்வீர்கள்.

சம்ப்பில் கேட்டோ பாசி வளர்ப்பது மட்டும் எனக்குப் பிடித்த முறை. பச்சை நைலான் நூல் சிக்கலாகக் கிடக்கும் ஒரு கடற்பாசி. மேல் தொட்டி விளக்கு அணைந்த பிறகு இதற்கு மட்டும் ஒரு விளக்கு எரியும். "ராத்திரி பூரா புல்லுக்கு லைட்டா?" என்று கேட்பார்கள், பரவாயில்லை. மாதம் இரண்டு முறை பாதியைக் கைநிறையப் பிய்த்துப் பிழிந்து வெளியே எறிந்தால் அந்தக் கையில் பாஸ்பேட் இருக்கிறது. கண்ணால் பார்க்கலாம், செடிக்கு உரமாகவும் போடலாம், உப்பை நன்றாக அலசிவிட்டு. மெதுவானது, மலிவானது, தம்பி இதைத் தானாகச் சொல்ல மாட்டான்.

ஆனால் நீங்கள் மெதுவானவர் இல்லை. துரு, வோட்கா, வினிகர் எல்லாம் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவி 0.00 என்று காட்டுகிறது. படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புங்கள். கேசரி கிண்டச் சொல்லலாம்.

அடுத்த வாரம் மணலில் பழுப்பு நிறச் சளி தெரியும். நூல் நூலாக நீண்டு நுனியில் காற்றுக்குமிழி பிடித்திருக்கும். இரவில் குறைந்து, விளக்குப் போட்டால் திரும்ப வரும். உறிஞ்சி எடுத்தால் இரண்டே நாளில் பழைய அளவுக்கு வந்துவிடும். இதற்கு டைனோ என்று பெயர். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வறண்ட தொட்டியில் மற்ற பாசிகள் பட்டினியில் ஒதுங்கும்போது காலியான இடத்துக்கு வருவது. சில வகைகளைத் தின்ற நத்தைகள் செத்துப்போகும். பவளங்களும் நிறம் மங்கி வெளுக்கத் தொடங்கும், ஏனென்றால் பவளத்தின் உள்ளே குடியிருந்து அதற்குச் சாப்பாடு சமைத்துத் தரும் பாசிக்கும் பாஸ்பேட் வேண்டும். நைட்ரேட் இருந்து பாஸ்பேட் மட்டும் இல்லாமல் போனால் பவளம் சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் எளிதில் வெளுத்துவிடும் என்று பிரிட்டனில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் யோர்க் வீடன்மான் குழுவினர் 2013இல் 'நேச்சர் கிளைமேட் சேஞ்ச்' இதழில் காட்டியிருக்கிறார்கள். பழைய 0.08இல் உங்கள் பவளங்கள் அப்படி வெளுத்திருந்ததாக எனக்கு நினைவில்லை.

மறுபடி தம்பியிடம் போகிறீர்கள்.

"தம்பி, பாஸ்பேட் பூஜ்யம் வந்துடுச்சு."

"அய்யய்யோ சார்."

பாஸ்பேட் ஏற்றுவதற்கும் புட்டி இருக்கிறது. பாஸ்பேட் குறைக்கும் டப்பா இருந்த அதே அலமாரி, ஒரு தட்டு கீழே. உள்ளே இருப்பது சோடியம் பாஸ்பேட்டோ பொட்டாசியம் பாஸ்பேட்டோ கலந்த தண்ணீர். பூஜ்யத்திலிருந்து 0.03 ஏற 200 லிட்டருக்குத் தேவை ஆறு மில்லிகிராம். ஊற்றிவிட்டு மறுநாள் அளந்தால் மறுபடி 0.00 வரும், ஏனென்றால் வறண்டு கிடந்த பெரியப்பா அதை வாங்கிக்கொண்டிருப்பார். இன்னும் ஊற்றுங்கள். பாட்டியைக் கூப்பிட்டு ஒரு வாரம் சுதந்திரமாக உணவு போடச் சொன்னால் புட்டியே வேண்டாம், ஆனால் அதைக் கேட்க உங்கள் கௌரவம் இடம் தராது.

இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 0.03 என்ற எண்ணைத் துரத்துகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாடுகளில் அக்ரோபோரா போன்ற கிளைக் கல்பவளங்களை வளர்ப்பவர்கள். பாஸ்பேட் கூடினால் சுண்ணாம்பு எலும்புக்கூடு படிவது தடைப்படும் என்பதால் அவர்கள் கவலை நியாயமானது. இந்தியாவில் கல்பவளங்கள் அனைத்தையும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலி இருக்கிற அட்டவணை. கூடத்தில் புலி வளர்க்க உங்களுக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவுதான் அக்ரோபோராவுக்கும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 1986இல் கடல் தேசியப் பூங்கா அறிவிக்க வேண்டி வந்ததற்கும், பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கு அனுப்பிக்கொண்டிருந்த பழைய வழக்கத்துக்கும் சம்பந்தம் உண்டு. 'சார், உங்களுக்கு மட்டும்' என்று யாராவது கல்பவளம் நீட்டினால் வாங்காதீர்கள். உங்கள் தொட்டியில் இருப்பது சோவா, மஷ்ரூம், லெதர் போன்ற மென்பவளங்கள். அவை 0.1 தாண்டினாலும் அலட்டிக்கொள்ளாத ஜாதி. இந்தப் பத்து மில்லிகிராமைப் பற்றி அவற்றுக்கு எந்தப் புகாரும் இருந்ததில்லை.

கருவியைத் தூக்கி எறிய வேண்டாம். வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில், ஒரே குப்பியில் அளந்து எழுதுங்கள். ஒரு எண்ணை விட்டுவிட்டு ஒரு மாதத்துப் போக்கைப் பாருங்கள். 0.08, 0.12, 0.17, 0.25 என்று ஏறிக்கொண்டே போனால் உணவு டப்பாவை உயரமான அலமாரியில் வையுங்கள், துருவைப் பாதி அளவு போடுங்கள், ஒரு மாதம் பொறுங்கள். 0.08, 0.07, 0.09 என்று நின்று, சோவா விரிந்து, கண்ணாடியை வாரம் ஒரு முறை துடைத்தால் போதும் என்றிருந்தால் அந்தத் தொட்டிக்கு எந்த மருந்தும் வேண்டாம். கொளத்தூர்த் தம்பி வருத்தப்படுவான். எப்படியும் அடுத்த மாதம் உப்பு வாங்க வருவேன் என்று அவனிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.